ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

(‘காத்திருக்கும் பேக்கப் சர்வரை மாதம் ஒருமுறை நிறுத்தி எழுப்புவது பராமரிப்பா? வீண் வேலையா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘பராமரிப்பே’ என்னும் அணியில் ஆற்றிய உரை)



இந்தத் தலைப்பை எங்க அத்தை கிட்ட சொன்னேன் ஐயா. அவங்க கேட்டாங்க: “ஏண்டா, சர்வரைத் தட்டி எழுப்பணுமா வேண்டாமான்னு ஒரு பட்டிமன்றமா? ஓட்டல்ல சர்வர் தூங்கினா கல்லாவில இருக்கிற முதலாளி எழுப்பிட்டுப் போறாரு. உங்களுக்கு என்னடா வந்துச்சு?” (சிரிப்பு)

அத்தைக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலே சீட்டுப் போடுறாங்க, ரயில்வேயிலே டிக்கெட் கொடுக்கறாங்க, பேங்கிலே கணக்குப் பார்க்கிறாங்க. நாம் பார்க்கிறது முன்னால் இருக்கிற பெட்டியை மட்டும்தான். பின்னால் ஒரு அறையிலே, நம்மைவிடச் சொகுசாக ஏ.சி. போட்டுக்கொண்டு ஒரு பெரிய மெஷின் உட்கார்ந்திருக்கிறது. வேலையெல்லாம் அதுதான் செய்கிறது. அதுதான் சர்வர். அது திடீரென்று படுத்துவிட்டால்? அதற்காகப் பக்கத்திலேயே இன்னொன்று. பெரியது எழுதுகிற கணக்கையெல்லாம் இதுவும் நகல் எடுத்துக்கொண்டு, கூப்பிட்டால் வருகிறேன் என்று காத்திருக்கும். அதுதான் பேக்கப் சர்வர். காரிலே டிக்கியிலே கிடக்கிறதே ஸ்டெப்னி, அந்த மாதிரி.

ஸ்டெப்னி என்றதும் எங்க மாமா ஞாபகம் வருது. அம்பாசிடர் கார் வைத்திருந்தார். தினமும் காலையிலே எழுந்து, பல் தேய்ப்பதற்கு முன்னாலே, நாலு டயரையும் காலால் தட்டிப் பார்ப்பார். நாங்க எல்லாரும் ஒரு கல்யாணத்துக்காக மலைப்பாதையிலே போகிறோம். ஏழாவது வளைவிலே ஒரு டயர் போச்சு. மாமா சிரிக்கிறாரு. “எதுக்குக் கவலை? ஸ்டெப்னி இருக்கு” என்று டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி இருந்தது ஐயா. அதிலே காத்துதான் இல்லை. (சிரிப்பு) அத்தை இறங்கி வந்து பார்த்துவிட்டு, “தினமும் நாலைத் தட்டினீங்களே, அஞ்சாவதை ஒரு நாள் தட்டினீங்களா?” என்றாங்க. கல்யாணத்துக்குப் போகலை. மறுவீட்டுக்குத்தான் போனோம்.

நான் பேச வந்தது அந்த அஞ்சாவது டயரைப் பற்றித்தான்.

எதிரணியிலே முதலில் பேசிய தம்பி, நல்ல படிப்பு, நல்ல குரல், பெருமையாக ஒன்று சொன்னார். “எங்க கம்பெனி பேக்கப் சர்வர் ஆயிரத்து நூறு நாளா ஒரு தடவைகூட நிற்காமல் ஓடிக்கிட்டு இருக்கு” என்று மார்தட்டினார். நீங்களும் கைதட்டினீங்க. நான் கேட்கிறேன், ஆயிரத்து நூறு நாளாக நிற்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? நின்றால் மறுபடி எழுந்திருக்குமா என்பது ஆயிரத்து நூறு நாளாக யாருக்கும் தெரியாது என்று அர்த்தம்! (கைதட்டல்) அது மட்டுமில்லை. கள்ளச்சாவி போட்டு யாரும் நுழையாமல் இருக்க அவ்வப்போது திருத்தங்கள் வருகிறதே, அதிலே முக்கியமான பலது, மெஷின் ஒரு தடவை நின்று எழுந்த பிறகுதான் வேலையே செய்யும். அதுவரைக்கும், மருந்தை வாங்கி அலமாரியிலே வைத்துவிட்டு, “சாப்பிட்டாச்சு” என்று டாக்டரிடம் சொன்ன கதைதான்.

அடுத்து வந்த அம்மையார் ஒரு பழமொழியைத் தூக்கிப் போட்டார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அருமையான பழமொழி. ஆனால் அம்மா, சங்கு எதுக்கு இருக்கு? ஊதத்தானே? அதிலே ஓட்டை இருக்கிறது என்பது என்றைக்குத் தெரிய வேண்டும்? வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்து ஊதிப் பார்க்கிற அன்றைக்கா, இல்லை, ஊரே கூடி நிற்கிற கோயில் வாசலிலா?

அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். அதை நான் கேலி செய்ய மாட்டேன், ஏனென்றால் அது உண்மை. பல வருஷம் சுற்றிக்கொண்டே இருந்த டிஸ்க்கை நிறுத்தி, அது ஆறிப் போய்விட்டால், சில சமயம் மறுபடி சுற்றவே சுற்றாது. அதனாலே தொடாதே என்கிறார்கள். ஒரு சின்னத் திருத்தம்: ரீஸ்டார்ட் செய்வது வேறு, மின்சாரத்தையே அணைப்பது வேறு. வெறும் ரீஸ்டார்ட்டிலே பெரும்பாலும் டிஸ்க் சுற்றுவதை நிறுத்துவதே இல்லை. சரி, அணைத்தே விட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா, அந்த டிஸ்க் நின்றால் செத்துவிடும் என்று உங்களுக்குத் தெரிகிறது. தெரிந்துதான் தொடாதே என்கிறீர்கள். கேட்கிறேன், கரண்டுக்கு உங்க உத்தரவு செல்லுமா? அது போகிற அன்றைக்கு நின்றுதானே ஆக வேண்டும்? (கைதட்டல்) சாகிறது சாகட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையிலே, பெரிய சர்வர் தெம்பாக ஓடிக்கொண்டிருக்கும்போது, நான் கையிலே காப்பி டம்ளரோடு பக்கத்தில் நிற்கும்போது சாகட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு, பெரியதும் படுத்த பிறகு, நடுவீட்டிலே சாக வேண்டாம்.

இப்போது பேராசிரியரிடம் வருகிறேன். எதிரணியிலே கனமான வாதம் அவருடையதுதான். என்ன சொன்னார்? “ரீஸ்டார்ட் என்பது சோம்பேறி வைத்தியம். காய்ச்சல் எதனாலே என்று பார்க்காமல் மாத்திரையைப் போட்டு அமுக்குவது. புரோகிராமிலே தப்பு இருந்தால் தப்பைத் திருத்து, மெஷினை எதற்கு நிறுத்தி எழுப்புகிறாய்?” என்றார். நியாயமான பேச்சு. ஆனால் அந்தத் திருத்தம் வந்து சேருகிற வரைக்கும் என்ன செய்வது ஐயா?

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2004-ஆம் வருஷம், செப்டம்பர் 14. அமெரிக்காவிலே லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்திலே பாம்டேல் என்று ஒரு ஊர். அந்த வட்டாரத்து ஆகாயத்திலே பறக்கிற விமானங்களுக்கெல்லாம் வழி சொல்கிற நிலையம் அங்கே இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணி வாக்கிலே, அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் விமானிகளுக்கும் இருந்த பேச்சுத் தொடர்பு பட்டென்று அறுந்து போனது. அப்போது வானத்திலே அவர்கள் கண்காணிப்பில் இருந்தது சுமார் 400 விமானம். ராடாரிலே புள்ளி தெரிகிறது. இந்தப் புள்ளியும் அந்தப் புள்ளியும் நெருங்குவது தெரிகிறது. “கொஞ்சம் விலகிப் போப்பா” என்று சொல்ல வாய் இல்லை. எப்படி இருந்திருக்கும் அந்த நாற்காலியிலே? நம்ம வீட்டுக் குழந்தை ரோட்டிலே ஓடுகிறது, லாரி வருகிறது, நமக்குக் குரல் எழும்பவில்லை, அந்த மாதிரி! சில பேர் சொந்த செல்போனை எடுத்துப் பக்கத்து நிலையங்களுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்கள்.

காரணம் என்ன தெரியுமா? அந்தப் பேச்சு சாதனத்துக்குள்ளே இருந்த கம்ப்யூட்டரில் ஒரு கடிகாரம். நேரத்தைக் கணக்கிட அது ஒரு எண்ணிலிருந்து கீழே கீழே எண்ணிக்கொண்டு வரும். நொடியை ஆயிரமாகப் பிரித்து, ஒவ்வொரு துளிக்கும் ஒன்று குறையும். ஆரம்ப எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. பெரிய எண்தான். ஆனால் ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒன்று என்று செலவழித்தால் 49 நாள், 17 மணி நேரத்திலே காலி! நம்ம சம்பளம் மாதிரி. (சிரிப்பு) பூஜ்யத்துக்கு வந்தால் மெஷின் நின்றுவிடும். இது தெரிந்த விஷயம்தான். அதனாலே 30 நாளைக்கு ஒருமுறை ஒரு ஆள் போய் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். அந்த முறை அது நடக்கவில்லை. நாள் ஓடியது. எண் தீர்ந்தது. மெஷின் நின்றது.

“பேக்கப் இல்லையா?” என்று கேட்பீர்கள். இருந்தது ஐயா! அஞ்சாவது டயர் இருந்தது. அதைப் போட்டார்கள். ஒரு நிமிஷத்துக்குள்ளே அதுவும் விழுந்துவிட்டது. குறைந்தது ஐந்து தடவை விமானங்கள், இருக்க வேண்டிய இடைவெளிக்கும் குறைவாக நெருங்கிவிட்டன. மோதவில்லை. விமானத்துக்குள்ளேயே இருக்கிற மோதல் எச்சரிக்கைக் கருவியும், விமானிகளின் கண்ணும் காப்பாற்றியது. நாடு முழுக்கச் சுமார் 800 விமானப் பயணம் பாதிக்கப்பட்டது.

பேராசிரியர் சொல்வார், “பார்த்தாயா, அந்தக் கடிகாரத்தைத் திருத்தியிருந்தால் இந்த வம்பே இல்லை” என்று. ஒத்துக்கொள்கிறேன். ரீஸ்டார்ட்டை நம்பியே மாசக்கணக்காக நோயை வளர்த்ததும் தப்புதான். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் ஆகாயத்திலே இருந்த 400 விமானத்துக்கும், திருத்தம் கையிலே இல்லை. ரீஸ்டார்ட் மட்டும்தான் இருந்தது. பேக்கப் ஏன் விழுந்தது என்பதை அவர்கள் பிறகு ஆராயட்டும். அது விழும் என்கிற சேதி ஐந்து மணிக்கு, அத்தனை பேர் உயிரை வைத்துக்கொண்டா தெரிய வேண்டும்?

திருத்தம் தாமதமாக வருவதற்கு இன்னொரு கணக்கு உண்டு. இதைச் சொல்லும்போது சிரிக்க முடியாது. 1991, வளைகுடாப் போர். சவூதி அரேபியாவில் தஹ்ரான். வருகிற ஏவுகணையை வானத்திலேயே அடித்து வீழ்த்த பேட்ரியட் என்கிற சாதனத்தை நிறுத்தியிருந்தார்கள். அதுவும் கம்ப்யூட்டர்தான். ஓட ஓட அதன் கடிகாரம் துளித்துளியாகத் தப்பிப் போகும். 100 மணி நேரத்துக்கு மேலே நிறுத்தாமல் ஓடியதிலே, தப்பு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவுதானே என்று தோன்றும். ஏவுகணை வருகிற வேகத்துக்கு அந்தத் துளி நேரம் அரைக் கிலோமீட்டருக்கும் மேலே! சாதனம் தப்பான இடத்திலே தேடியது, ஒன்றும் இல்லை என்று சும்மா இருந்துவிட்டது. பிப்ரவரி 25-ஆம் தேதி, வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்திலே ஏவுகணை விழுந்து 28 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேரம் ஓடினாலே குறி கொஞ்சம் விலகுகிறது என்று இஸ்ரேல்காரர்கள் பிப்ரவரி 11-ஆம் தேதியே சொல்லியிருந்தார்கள். திருத்தம் எழுதியாச்சு, அனுப்பியாச்சு. அது தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26. ஒரு நாள் பிந்தி. “ரொம்ப நேரம் தொடர்ந்து ஓட்டாதீர்கள்” என்று ஒரு செய்தி மட்டும் முன்னாலே போயிருந்தது. ரொம்ப நேரம் என்றால் எத்தனை மணி நேரம் என்று அதிலே இல்லை. நிறுத்தி எழுப்ப எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா ஐயா? ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம்.

பேராசிரியரே, மாத்திரை வேண்டாம், ஆபரேஷன்தான் சரி என்பது உண்மையாகவே இருக்கட்டும். டாக்டர் ஊரிலிருந்து வருகிற வரைக்கும் காய்ச்சலுக்கு ஈரத்துணியாவது போட வேண்டாமா?

2015-இல் அமெரிக்க விமானத்துறை ஒரு உத்தரவு போட்டது. போயிங் 787 விமானம் இருக்கிறதே, அதன் என்ஜின்களிலே இருக்கிற நாலு ஜெனரேட்டரையும் கட்டுப்படுத்துகிற கருவிகள், 248 நாள் தொடர்ந்து ஓடினால் நாலும் ஒரே நேரத்திலே படுத்துவிடக்கூடும் என்று சோதனைக்கூடத்திலே கண்டுபிடித்தார்கள். புதுப் புரோகிராம் வருகிற வரைக்கும் அவ்வப்போது மின்சாரத்தை அணைத்துப் போடு என்பது உத்தரவு. சட்டமே போட்டுவிட்டான் ஐயா, அணைத்துப் போடு என்று! இதிலே எனக்குப் பிடித்தது அந்த நாலு. ஒன்றுக்கு ஒன்று துணை என்று நாலு வைத்தார்கள். நாலையும் ஒரே நேரத்தில் முடுக்கினால், நாலும் ஒரே நொடியிலே நிற்கும். ஸ்டெப்னியும் அதே ஆணியிலே ஏறினால் என்ன பண்ணுவது? அதனாலேதான் பெரிய சர்வரையும் பேக்கப்பையும் ஒரே நாளில் நிறுத்தி எழுப்பாதே என்று நாங்கள் சொல்கிறோம். எதிரணியினர் ஏதோ நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஸ்விட்சைத் தட்டுகிறவர்கள் மாதிரிப் பேசினார்கள்.

வெறும் ரீஸ்டார்ட் மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். 2020 அக்டோபர் 1, டோக்கியோ பங்குச் சந்தை. ஒரு மெஷினிலே மெமரி பழுது. பக்கத்திலே இருக்கிற இன்னொன்று தானாக வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே ஒரு அமைப்பு தப்பாக வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது மெஷினுக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது, “வா” என்று கூப்பிடுகிற மணிதான் அடிக்கவில்லை. நாள் முழுக்க வியாபாரம் இல்லை. அதன் தலைவர் அந்த வருஷமே பதவி விலகினார். ஆகவே எழுப்புவது மட்டும் போதாது, எழுப்பி வேலையையும் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். நெட்ஃப்ளிக்ஸ் கம்பெனிக்காரர்கள் இதற்கென்றே ஒரு புரோகிராம் எழுதி வைத்தார்கள். அதற்குப் பேர் என்ன தெரியுமா? கேயாஸ் மங்கி, குழப்பக் குரங்கு! வேலை நேரத்திலேயே அது சர்வர்களுக்கு நடுவிலே புகுந்து ஏதாவது ஒன்றை நிறுத்திவிடும். மற்றது தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். 2012-இல் அந்தக் குரங்கை ஊருக்கெல்லாம் இலவசமாகவும் கொடுத்தார்கள். எதிரணி சங்கை ஊதாதே என்கிறது, அவன் குரங்கு கையிலேயே சங்கைக் கொடுத்துவிட்டான். (சிரிப்பு, கைதட்டல்)

நமக்கு இது புதுசா? தேரைப் பழுது பார்த்தால் திருவிழாவுக்கு முன்னாலே வெள்ளோட்டம் விடுகிறோம். கல்யாண மண்டபத்துக்காரர் முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஜெனரேட்டரைப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்கிறார். “கரண்டுதான் இருக்கே, டீசல் வீண்தானே?” என்று பெண் வீட்டார் யாராவது சண்டை போட்டிருக்கிறார்களா?

நடுவர் ஐயா, இவ்வளவு பேசுகிற நான் ஒரு காலத்திலே எதிரணிக்காரன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஊரிலே ஒரு ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, அதிலே இரண்டு சர்வர். பேக்கப் மேலே நானே என் கையாலே ஒரு தாள் ஒட்டினேன்: ‘தொடாதே’. மூணு வருஷம் யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை. அந்த வருஷம்தான், 2009, ‘காகிதமே இல்லாத ஆஸ்பத்திரி’ என்று வாசலிலே போர்டு வைத்தார்கள். நோயாளியின் சீட்டு, ரத்தப் பரிசோதனை, எந்த மருந்து, எந்த நேரம், எல்லாம் கம்ப்யூட்டர்தான்.

நவம்பர் மாதம், நல்ல மழை. ராத்திரி பதினொன்றரைக்குக் கரண்ட் போச்சு. யு.பி.எஸ். பேட்டரி பத்து நிமிஷத்திலே கைவிட்டது. ஜெனரேட்டர் போட்டு வெளிச்சம் வந்தபோது, பெரிய சர்வரிலிருந்து கருகின வாசனை. வீட்டிலிருந்து நனைந்துகொண்டே ஓடி வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதுகூட எனக்குப் பயம் இல்லை. ஸ்டெப்னி இருக்கு என்று சிரித்த எங்க மாமா மாதிரிதான் இருந்தேன். பேக்கப் எழுந்தது. பச்சை விளக்கு எரிந்தது. புரோகிராம் வந்தது. திரையிலே எழுதியிருந்தது: நோயாளிகள் 0.

உள்ளே எண்பது பேருக்கு மேலே படுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பூஜ்யம் என்கிறது.

எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. எல்லாம் அழிந்துவிட்டது என்றே நினைத்தேன். மேலே வார்டிலிருந்து ஆள் மேல் ஆள் ஓடி வருகிறார்கள். “பன்னிரண்டு மணி ஊசி யாருக்கு?” “ஆபரேஷன் ஆன பையனுக்கு என்ன ரத்தம்?” நான் என்ன பதில் சொல்வேன்? அன்றைக்கு ராத்திரி டியூட்டி டாக்டர் புதுசு, சேர்ந்து நாலு நாள். பதினாலாம் கட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறியது. ஒரு ஊசியைப் போடச் சொல்லி எடுத்தாச்சு. அந்த அம்மாவுக்கு அந்த மருந்து ஆகாது, போட்டால் மூச்சு அடைக்கும் என்று சிவப்பு எழுத்திலே குறித்து வைத்திருந்தோம். எங்கே? கம்ப்யூட்டரிலே!

தலைமை சிஸ்டர் ஒருத்தர் இருந்தாங்க. வயசானவங்க. காகிதம் கூடாது என்று நிர்வாகம் சொன்ன பிறகும், மேஜைக்குக் கீழே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து எழுதிக்கொண்டே வந்தவங்க. நானே அவங்களைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அவங்க அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினாங்க. “டாக்டர், அந்த ஊசியைக் கீழே வைங்க” என்று சொன்னது எனக்குப் படிக்கட்டு வரைக்கும் கேட்டது. அந்த நோட்டை வைத்துத்தான் விடிய விடிய அந்த ஆஸ்பத்திரி ஓடியது.

நான் தப்பைக் கண்டுபிடித்தபோது மணி மூன்று நாற்பது. என்ன தப்பு? நோயாளிகள் கணக்கு முழுக்க ஒரு தனி டிஸ்க்கிலே இருந்தது. அதை பேக்கப் சர்வரோடு இணைக்க ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். மூணு வருஷத்துக்கு முன்னாலே நான்தான் கையாலே தட்டி இணைத்தேன். ஆனால், எழுந்திருக்கும்போதெல்லாம் நீயாகவே இணைத்துக்கொள் என்று சர்வருக்குச் சொல்ல, ஒரு கோப்பிலே ஒரு வரி எழுத வேண்டும். எழுதலாம் என்று இருந்தபோது மதியச் சாப்பாடு வந்துவிட்டது. அவ்வளவுதான் ஐயா. ஒரு சாம்பார் சாதம். நிற்காமல் ஓடிய மூணு வருஷமும் அந்தக் கட்டளை உயிரோடு இருந்தது. நின்று எழுந்ததும் போய்விட்டது. கணக்கு ஒன்றும் அழியவில்லை, பக்கத்திலேயே பத்திரமாக இருந்தது. சர்வர் எட்டிப் பார்த்தது ஒரு காலி அலமாரியை. ஒரு வரியை எழுதினேன். எண்பது பேரும் திரையிலே வந்துவிட்டார்கள்.

அந்த ‘தொடாதே’ தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறு மணி என்று வைத்துக்கொண்டேன். முதலில் பெரியது சரியாக ஓடுகிறதா, நகல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு பேக்கப்பை நிறுத்தி எழுப்புவது. எழுந்தபின் ஒரு நோயாளியின் சீட்டைத் திறந்து படித்துப் பார்ப்பது. எழ எத்தனை நிமிஷம் ஆனது என்று நோட்டிலே எழுதுவது. ஆமாம் ஐயா, காகித நோட்டுதான்! இரண்டாவது மாதமே மின்சாரத்தையும் அணைத்துப் பார்த்தேன். எழுந்தது, ஆனால் தேதி 2002 என்றது. உள்ளே காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி, செத்துப் போயிருந்தது. கடையிலே கொஞ்சம் ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான். அது தெரியாமல் இன்னொரு நவம்பர் ராத்திரி வந்திருந்தால், நேற்றுக் கொடுத்த மருந்துக்கு ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதி விழுந்திருக்கும்.

எதிரணிக்கு ஒரு உண்மையைத் தந்துவிட்டுப் போகிறேன், மறைக்க மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்தினேன், எழுந்திருக்கவே இல்லை. பவர் சப்ளை போய்விட்டது. புதுசு வாங்கி வந்து மாட்டச் சாயங்காலம் ஆகிவிட்டது. அந்தப் பகல் முழுக்க ஸ்டெப்னி இல்லாமல் மலை ஏறினோம். பெரியதும் அன்றைக்கே படுத்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். அந்த அபாயம் உண்டு. ஆனால் ஸ்டெப்னி இல்லை என்று தெரிந்துதான் ஏறினோம், வார்டிலே அன்றைக்கு எல்லாவற்றையும் காகிதத்திலும் எழுதச் சொன்னோம். மூணு வருஷமாக அதே மலையில்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், தெரியாமல், தூங்கிக்கொண்டு.

மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது ஐயா. ஒரு நிமிஷம்.

அந்த சிஸ்டர் இருக்கிற வரைக்கும் முதல் ஞாயிறு தவறாமல் காலையிலே அந்த மாடிப்படி அறைக்கு வந்து எட்டிப் பார்ப்பாங்க. “தம்பி, எழுந்திருச்சா?” என்று கேட்பாங்க, ஏதோ உள்ளே காய்ச்சல்காரப் பிள்ளை படுத்திருக்கிற மாதிரி. ஓய்வு பெற்றுப் போன பிறகும் போன் வரும். ஒரு தடவை கேட்டாங்க.

“எழுந்திருச்சிருச்சு சிஸ்டர். ஏழு நிமிஷம் ஆச்சு.”

“போன மாசம் அஞ்சு நிமிஷம்னுதானே சொன்னே? ரெண்டு நிமிஷம் எதுக்குக் கூட ஆச்சு?”

எனக்குத் தோன்றவே இல்லை ஐயா. போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஜோடியாக ஓடுகிற ரெண்டு டிஸ்க்கிலே ஒன்று செத்துக் கிடந்தது. அன்றைக்கே மாற்றினேன்.